பரம்பும் வயலும்

ஓர் ஊரைப் பற்றி எழுதப் புகுவோர் முதலில் அதன் எல்லைகளையும், அடுத்து அதன் சரித்திரத்தையும், கடைசியாக அதன் ஜனத்தொகையையும் சொல்லி முடிப்பது, ஜில்லா மானுவல்களாலும் கெஜட்டியர்களாலும் நமக்குப் பழகிப்போன ஒரு முறை. பெரும்பாலான ஊர்களுக்கு அது போதும். ஆனால் தாமிரபரணியின் தென்கரையில், திருநெல்வேலிக்குத் தென்கிழக்கே சுமார் 24 கிலோமீட்டர் தொலைவில், ஸ்ரீவைகுண்டத்தை அடைவதற்குச் சற்று முன்பாக இருக்கும் ஆதிச்சநல்லூர் என்ற சிற்றூரை அந்தச் சட்டகத்துக்குள் அடக்கப் பார்த்தால், பூகோளம் எங்கே முடிந்து சரித்திரம் எங்கே தொடங்குகிறது என்பதும், சரித்திரம் எங்கே முடிந்து ஜனத்தொகை எங்கே தொடங்குகிறது என்பதும் பிடிபடாமற் போகின்றன. ஏனெனில் அவ்வூரில் பூமிக்கு மேலே இருப்போரைக் காட்டிலும் பூமிக்குள் இருப்போரே மிகுதி. அவர்கள் அங்கே கிடப்பதற்கும் அந்த மண்ணின் குணமே காரணம்.

தாமிரபரணி தமிழ்நாட்டு ஆறுகளுள் ஒரு விசேஷமான பாக்கியம் பெற்றது. பொதிகையில் பிறந்து, புன்னைக்காயலருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும்வரை சுமார் 128 கிலோமீட்டர் தூரமே ஓடும் இந்த ஆறு, பிறப்பது முதல் சங்கமம் வரை தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுவதால், அண்டை ராஜ்யத்தாரிடம் தண்ணீர் கேட்டு வழக்காட வேண்டிய நிர்ப்பந்தம் அதன் கரையோருக்கு இல்லை. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் ஆகிய இரண்டும் அதன் தலைமாட்டில் மழை பெய்விப்பதால், சமவெளியில் ஒரு துளி விழாத மாதங்களிலும் ஆற்றில் நீர் வரத்து இருக்கும். அந்த இரண்டு பருவங்களை ஒட்டியே கார் என்றும் பிசானம் என்றும் இரு போகங்கள் இப்பிரதேசத்தில் ஏற்பட்டன. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் முடிய ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உண்டு. அவற்றுள் ஏழு, ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே இந்நாட்டார் கட்டியவை. கடைசியானதாகிய ஸ்ரீவைகுண்டம் அணை மட்டும் ஆங்கிலேய அரசாங்கத்தாரால் 1870களில் முடிக்கப்பெற்றது. ஏழாவதான மருதூர் அணையிலிருந்து பிரியும் மேலக்கால், ஆதிச்சநல்லூர் இருக்கும் தென்கரைப் பக்கத்து வயல்களையும் குளங்களையும் நனைத்துச் செல்கிறது. நெல்லும் வாழையும் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாய் விரிந்த இந்த ஆற்றுப் படுகைக்குத் தெற்கே சில மைல்கள் நடந்தால், பனையும் செம்மணலும் தவிர வேறொன்றும் காணாத தேரிக்காடு வந்துவிடும். ஒரு நாட்டின் சௌபாக்கியமும் தரித்திரமும் இவ்வளவு நெருங்கி அடுத்தடுத்து அமைந்த இடங்கள் அதிகமிரா.

இந்த ஈரமான படுகையின் ஓரத்திலேயே, ஈரம் சற்றும் ஏறாத ஒரு மேட்டு நிலம் கிடக்கிறது. ஊரார் அதைப் பரம்பு என்பார்கள். 114 ஏக்கர் என்பது சர்க்கார் பாதுகாப்பில் உள்ள அதன் விஸ்தீரணம். மேலே சரளை; அதற்குக் கீழே பாறை; உடைமரமும் முட்செடிகளுமே அங்கே தாவரம். ஆற்றிலிருந்து கால் வெட்டி வரப்பு கட்டி மடை வைத்து நாட்டையே நனைத்த மக்கள், இந்த மேட்டின் மேல் தண்ணீரை ஏற்ற முடியாதென்று எந்தக் காலத்திலோ அறிந்துகொண்டார்கள். அறிந்துகொண்ட பின் அவர்கள் செய்த முடிவுதான் ஆதிச்சநல்லூரின் சரித்திரம் முழுவதற்கும் ஆதாரம்: விளைகிற மண்ணை இருப்பவர்களுக்கு வைத்துக்கொண்டு, விளையாத மண்ணை இறந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். இதில் பக்தி எவ்வளவு, சிக்கனம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். நிலத்தை அளந்து பார்க்கத் தெரிந்த ஒரு ஜனசமூகத்தின் புத்திசாலித்தனமாகவே அது எனக்குத் தோன்றுகிறது. நஞ்சையில் புதைத்திருந்தால் எலும்பும் இராது, இரும்பும் இராது, நமக்கு எழுத விஷயமும் இராது என்பது வேறு.

பாறையில் வட்டமாகக் குழி தோண்டி, அதற்குள் பெரிய தாழியை இறக்கி, இறந்தவரை உடலோடு மடக்கி உட்கார்த்தியோ, எலும்புகளைப் பின்னர் சேர்த்துப் போட்டோ, கூடவே சிறு கலயங்களை வைத்து மூடியிருக்கிறார்கள். 1899ஆம் ஆண்டு முதல் சில பருவங்கள் இங்கே அகழ்ந்த அலெக்ஸாண்டர் ரீ, சென்னை வட்டத்துத் தொல்பொருள் இலாகாவின் தலைவராக இருந்தவர். மிகுந்த பொறுமையோடு தாம் கண்டவற்றைப் பதிவு செய்தார். அப்பதிவுகளின் சாரமாக 1915இல் சென்னையில் அச்சான அவருடைய பொருட்பட்டியல் இன்றைக்கும் இவ்விஷயத்தில் முதல் நூலாகவே இருக்கிறது. வாள், ஈட்டி, குத்துவாள் முதலிய இரும்புக் கருவிகள் தாழியைச் சுற்றிலும் முனை கீழ்நோக்கியிருக்கக் கிடந்தன என்று அவர் குறித்தார். அடக்கம் செய்ய வந்தவர்கள் குழியைச் சூழ நின்று, தத்தம் கையில் இருந்ததை மண்ணில் குத்திவிட்டுப் போனார்கள் போலும் என்பது அவர் அனுமானம். வேறு ஆதாரம் ஒன்றும் இல்லாதபோதும் இந்த அனுமானத்தை நான் நம்ப விரும்புகிறேன். துக்கம் கேட்க வந்தவன் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் அந்தச் சிறு கணத்தில் அவனுக்கு ஒரு காரியம் இருந்திருக்கிறது என்று எண்ணுவதில் ஓர் ஆறுதல்.

ரீயின் பட்டியலில் உலகம் பேசியது பொற்பட்டங்களை. மெல்லிய தங்கத் தகட்டை நீள்வட்டமாக வெட்டி, இரு ஓரங்களிலும் துளையிட்டு, நெற்றியில் கட்டத்தக்கதாகச் செய்த அவற்றை மடித்துத் தாழிக்குள் வைத்திருந்தார்கள். 2022இல் நடந்த அகழ்விலும் அத்தகைய பட்டமொன்று அகப்பட்டது. அடுத்தபடியாகப் பேசப்பட்டவை வெண்கல மூடிகளும் கலங்களும். அவற்றின் மேல் எருமை, சேவல், யானை, புலி என்று பிராணிகளின் உருவங்கள் வார்க்கப்பட்டிருக்கின்றன; வளைந்து அகன்ற கொம்புகளோடு நிற்கும் எருமையைச் சென்னை எழும்பூர் மியூஸியத்தில் பார்த்தவர் எளிதில் மறக்கமாட்டார். ஒரு பக்கத்தில் சேவலும் மறுபக்கத்தில் வேலும் கிடைத்ததை வைத்து, முருக வழிபாட்டின் ஆதி வடிவத்தை இங்கே கண்டதாக ஆராய்ச்சியாளர் சிலர் மகிழ்ந்தார்கள். இருக்கலாம். எனினும் சேவல் என்ற பறவை முருகனுக்குக் கொடியாவதற்கு முன்பும் விடியற்காலையில் கூவிக்கொண்டுதான் இருந்தது.

என் சிரத்தை வேறு இரண்டு மூன்று பொருள்களின் மேல் செல்கிறது. கலயங்கள் பலவற்றுக்குள் நெல் உமியும் தினை முதலிய சிறுதானியங்களின் உமியும் இருந்தன என்று ரீ எழுதினார். இரும்பில் ஒட்டிக்கொண்டு துணியின் தடம் எஞ்சியிருந்தது என்றும், மண் கிளறும் கருவிகளும் இருந்தன என்றும் எழுதினார். பட்டம் கட்டிய நெற்றிகள் சிலவே. நெல் குற்றிய கைகளோ பல. கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் யாரென்று சொல்லக்கூடியது அந்த உமிதான். வயலில் நெல்லும் மானாவாரியில் தினையும் ஆக, ஆற்றோரத்து நஞ்சை என்றும் அதற்கப்பால் புஞ்சை என்றும் இன்றைக்கு நாம் கணக்கெழுதுகிற அதே பாகுபாடு, அந்தக் கலயத்தின் அடியில் ஒரு பிடியளவாகக் கிடந்திருக்கிறது.

ரீக்கு முன்பாகவே இந்தப் பரம்பை ஐரோப்பா அறிந்துவிட்டது. 1876இல் பெர்லினிலிருந்து வந்த ஃபியோடர் யாகோர் என்ற யாத்ரிகர், ஜில்லா அதிகாரிகள் உடனிருக்க இங்கே தோண்டி, ஐம்பது வகைக்கு மேற்பட்ட மட்கலங்களும், இரும்புக் கருவிகளும், ஏராளமான எலும்புகளும் மண்டையோடுகளும் சேர்த்து ஜெர்மனிக்குக் கொண்டுபோனார். பின்னர், இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்தில், லூயி லாப்பீக் என்ற பிரெஞ்சுக்காரர் வந்து தம் பங்குக்குச் சிலவற்றைப் பாரிஸுக்கு எடுத்துச் சென்றார். ரீ கண்டவை எழும்பூருக்குப் போயின. இவ்வாறாக, நாட்டு மக்கள் பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் போவது பெருகுவதற்கு முன்பே, ஆதிச்சநல்லூரின் மிகப் பழைய குடிகள் கடல் கடந்துவிட்டார்கள். தாமிரபரணிக் கரையிலிருந்து சென்னைக்கும் பம்பாய்த் தாராவிக்கும் கொழும்புக்கும் போய்க் கடை வைத்தும் கூலி செய்தும் வாழும் திருநெல்வேலிச் சீமைக்காரர்களைப் பற்றிப் பேசும்போது, இந்த முதல் பிரயாணிகளையும் யாராவது கணக்கில் சேர்க்க வேண்டும். பின்னால் போனவர்கள் கொடைவிழாவுக்காவது ஊருக்குத் திரும்புகிறார்கள். முன்னால் போனவர்கள் திரும்பவில்லை.

போன இடத்தில் அவர்களுக்கு நேர்ந்ததும் ஒரு தனிக் கதை. மண்டையோடுகளின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, இவர்கள் எந்த இனத்தார் என்று தீர்மானிப்பதே அந்தக் காலத்து விஞ்ஞானத்தின் பெருமுயற்சியாக இருந்தது. பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற சாலி ஜுக்கர்மன் 1930இல் சென்னை மியூஸியத்தின் வெளியீடாக ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளைப் பற்றி எழுதினார். 1963இல் இந்திய மானிடவியல் ஆய்வு இலாகாவின் சார்பில் சட்டர்ஜியும் குப்தாவும் எழுதினார்கள். சென்ற சில ஆண்டுகளாகவும் அத்தகைய தீர்ப்புகள் அவ்வப்போது பத்திரிகைகளில் வருகின்றன. ஒருவர் இவர்களை ஆஸ்திரேலியரோடு சேர்ப்பார், மற்றொருவர் மத்தியதரைக் கடலுக்கு அனுப்புவார், வேறொருவர் உலகத்து ஜாதிகள் எல்லாம் இங்கே துறைமுகத்தில் இறங்கியதுபோல் ஒரு கலவையைக் காண்பார். விரல்விட்டு எண்ணத்தக்க சில மண்டையோடுகளை வைத்து ஒரு ஜனசமூகத்துக்கே ஜாதகம் கணிக்கும் இந்தக் காரியம் எனக்கு ஒருபோதும் திருப்தி தந்ததில்லை. எந்த வயதில் இறந்தார்கள், பற்கள் எப்படித் தேய்ந்திருந்தன, குழந்தைகள் எத்தனை, பிரசவத்தில் இறந்த பெண்கள் உண்டா என்று கேட்டிருந்தால் அந்த எலும்புகள் மனமுவந்து பதில் சொல்லியிருக்கும். தம் ஊர் எதுவென்று தெளிவாக மண்ணிலேயே எழுதிவைத்துப் போனவர்களிடம், நீங்கள் எந்த ஊர் என்று கேட்டால் அவர்கள் என்ன சொல்வார்கள்?

ஜனத்தொகை என்று நான் குறிப்பிட்டது அலங்காரத்துக்காக அன்று. தாழிகள் ஒன்றுக்கொன்று ஆறடி தள்ளி இருக்கின்றன என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டு கணக்கிட்டால், ஏக்கர் ஒன்றுக்கு ஆயிரத்து இருநூறுக்கு மேல் அடங்கும். 114 ஏக்கருக்கு அது ஒரு லட்சத்தைத் தாண்டிப் போகும். பரம்பு முழுவதும் அவ்வாறு நெருங்கிப் புதைத்திருந்தார்கள் என்று சொல்ல ஆதாரமில்லை. ஆகவே இந்த எண்ணை யாரும் மேற்கோளாக எடுத்தாள வேண்டாம். ஆனால் மறுபுறம், 2004, 2005ஆம் ஆண்டுகளில் தி. சத்தியமூர்த்தியின் தலைமையில் மத்திய தொல்பொருள் துறையினர் அகழ்ந்தபோது, மொத்தப் பரப்பில் ஒரு சிறு துண்டிலேயே 150க்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அவற்றுள்ளும் சில இடங்களில் ஒரு தாழியின் மேல் மற்றொன்றாக, மூன்று அடுக்குவரை புதைத்திருந்தது தெரியவந்தது. இடம் போதாமல் அடுக்கினார்களா, தம் முன்னோரின் அருகிலேயே கிடக்க வேண்டுமென்ற ஆசையால் அடுக்கினார்களா என்பதை அறியோம். எதுவாயினும், பாட்டன் தாழி கீழே இருப்பதை அறிந்த பேரன்தான் அதை உடைக்காமல் அதன்மேல் தன் தகப்பனை இறக்கியிருக்க முடியும். அத்தகைய நினைவு பல தலைமுறைகள் நீடித்த ஊர் அது; வந்து தங்கிப் போன கூட்டத்தாருடைய மயானமன்று.

உயிரோடிருப்போரின் கணக்கு இந்நாட்டில் அண்மையில் தொடங்கிய விஷயம். 1871இல் சென்னை மாகாணத்தில் முதன்முதலாக முறைப்படி குடிக்கணக்கு எடுத்தார்கள். 1881 முதல் தேசமெங்கும் ஒரே சமயத்தில் பத்தாண்டுக்கொரு முறை எடுத்துவந்தார்கள். 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு நோய்ப் பரவலால் ஒத்திப்போடப்பட்டு, 2027ஐ நாளாகக் குறித்திருக்கிறார்கள். வீட்டு வாசலில் நின்று பெயரும் வயதும் தொழிலும் கேட்டு எழுதிக்கொள்ளும் அந்த உத்தியோகஸ்தர், குடும்பத்தில் பாதிப்பேர் சென்னையிலும் பம்பாயிலும் இருப்பதாகக் கேட்டு அவர்களை விட்டுவிட்டு மீதியை எழுதிக்கொண்டு போவார். ஆற்றோரத்துக் கிராமங்கள் எல்லாவற்றுக்கும் இதுவே இன்றைய நிலை. ஆற்றில் தண்ணீர் இருந்தும், இரண்டு போகம் விளைந்தும், நெல் விற்கிற விலையைக் கொண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்க முடியாதென்பதால் படித்தவர்கள் போய்விடுகிறார்கள். தாமிரபரணி வற்றாமலிருப்பது மட்டும் ஒரு குடும்பத்தை ஊரில் நிறுத்தப் போதவில்லை.

தாழிகளைப் பற்றித் தென்பாண்டி நாட்டு மக்கள் தாமாகவே ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். பழைய யுகங்களில் மனிதர்களுக்குச் சாவே எளிதில் வருவதில்லையாம். வயது ஏற ஏற உடல் சுருங்கிச் சுருங்கிக் குழந்தையளவு ஆகிவிடுவார்களாம். வீட்டு மாடத்தில் அகலோடு அகலாக உட்கார்த்தி வைத்துப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன பேரப்பிள்ளைகள், கடைசியில் ஒரு தாழியில் சோறும் தண்ணீரும் விளக்கும் வைத்து, கிழவரையும் உள்ளே இருத்தி மூடிவிடுவார்களாம். முதுமக்கள் தாழி என்ற பெயருக்கு மக்கள் சொல்லும் தாத்பரியம் இது. ஆராய்ச்சிக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். தாழியின் அளவுக்கும் மனிதனின் அளவுக்கும் உள்ள பொருத்தமின்மையைக் கண்டு, எலும்புகள் மடங்கிக் கிடந்த தோற்றத்தைக் கண்டு, கலயத்தில் உமியைக் கண்டு, கண்டது ஒன்றையும் விடாமல் ஒரு கதையாகக் கட்டிய அந்தப் பாமர மூளையைப் பார்த்து நான் சிரிக்கமாட்டேன். அதோடு, கிழவர்களை வைத்துக் காப்பாற்றுவதில் குடும்பங்களுக்கு எக்காலத்தும் இருந்துவரும் சங்கடத்தை அந்தக் கதை ஒளிக்காமல் சொல்கிறது. புறநானூற்றில் கணவனை இழந்த ஒருத்தி குயவனை அழைத்து, தனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாக வனையச் சொல்லும் பாட்டொன்று உண்டு. அதில் வருவதும், கதையில் வருவதும் ஒரே கலம். வீட்டுக்கு வீடு மனித சுபாவம்தான் வேறுபடுகிறது.

காலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இன்றைய வாசகர் ஒப்பமாட்டார். இங்கே கிடைத்த மாதிரிகளை அமெரிக்காவுக்கு அனுப்பிக் கரிமக் கணிப்புச் செய்ததில், ஒன்று கி.மு. 905 என்று வந்தது. 2021இல், அருகே இருக்கும் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று தமிழ்நாட்டு அரசாங்கத்தார் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் அதே சிவகளையின் இரும்பை முன்னிட்டு, கி.மு. 3345 வரை போகும் காலக்கணிப்புகளை வெளியிட்டார்கள். இவ்வறிவிப்புகளால் தாமிரபரணிக் கரை மக்களுக்கு ஏற்பட்ட பெருமிதத்தை நான் குறைகூறவில்லை. சத்தியமூர்த்தியின் அகழ்வு பற்றிய அறிக்கை பத்தாண்டுகளுக்கும் மேலாக அச்சேறாமல் கிடந்து, வழக்கு நீதிமன்றம் ஏறிய பின்னரே வெளிவந்ததை நினைத்தால், அந்தப் பெருமிதத்தில் கொஞ்சம் கோபம் கலந்திருப்பதும் நியாயமே. ஆனால் எண் பெரிதாக ஆக, கேள்வி சிறிதாகிப் போகிறது. ஐந்நூறு வருஷம் முன்னே தள்ளிப்போட்டதால் அந்தக் கைகள் குற்றிய நெல் அதிகமாகிவிடாது.

காலத்தைவிட அதிகமாக யோசிக்கத்தக்கது வெண்கலம். இங்கே கிடைத்த கிண்ணங்கள் சிலவற்றைப் பரிசோதித்ததில், செம்போடு நூற்றுக்கு இருபதுக்கும் மேற்பட்ட பங்கு வெள்ளீயம் சேர்ந்திருக்கக் காண்கிறார்கள். அவ்வளவு வெள்ளீயம் சேர்ந்த உலோகம் ஆறினால் நொறுங்கும். செஞ்சூட்டில் தட்டி, உடனே நீரில் தோய்த்து இறுக்கினால்தான் கிண்ணமாகும். பரம்பிலோ சுற்றுவட்டாரத்திலோ வெள்ளீயம் எடுக்கும் சுரங்கம் கிடையாது. ஆகவே அது தூரத்திலிருந்து வந்திருக்க வேண்டும். தூரத்திலிருந்து வருகிறதென்றால் கொடுப்பதற்கு இவர்களிடமும் ஏதோ இருந்திருக்க வேண்டும். ஆற்றின் வழியே கீழ்நோக்கிப் போனால் முத்துக்குப் பேர்போன கொற்கை. பழைய காலத்தில் கடற்கரைப் பட்டினமாயிருந்த கொற்கை இன்று கடலுக்குச் சில மைல் உள்ளே தள்ளி, வயலும் குளமுமாய், தன் துறைமுக வாழ்வின் அடையாளம் ஒன்றும் தெரியாத கிராமமாக இருக்கிறது. பொதிகை மண்ணைக் கரைத்துக் கொண்டுவந்து கடலில் கொட்டிக் கடலைத் தூர்த்தது இந்த ஆறுதான். கொற்கை போனபின் காயல் எழுந்தது. மார்க்கோ போலோ வந்து பார்த்த அந்தக் காயலும் பின்னர் அதே கதிக்கு உள்ளாயிற்று. மேலே வயல்களை வளர்த்த கையாலேயே கீழே துறைமுகங்களைத் தூர்த்த ஓர் ஆற்றை, அன்னை என்று மட்டும் பாடிக்கொண்டிருப்பவர்கள் அதன் இயல்பில் பாதியைத்தான் அறிவார்கள்.

முழுவதையும் 2023 டிசம்பரில் அறிய நேர்ந்தது. அம்மாதம் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. சாதாரணமாக அங்கே ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதைவிட அது அதிகம். குளங்கள் வரிசையாக உடைந்தன. 1923 முதல் ஓடிக்கொண்டிருக்கும் திருநெல்வேலி-திருச்செந்தூர் ரயில்பாதையில், ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் இடையே, அதாவது ஆதிச்சநல்லூர் இருக்கும் அதே துண்டில், தண்டவாளத்தின் கீழிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துப் போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. சென்னை புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் நாற்புறமும் வெள்ளம் சூழ அகப்பட்டுக்கொண்டார்கள். தங்கள் வீட்டிலேயே தண்ணீர் புகுந்திருந்த புதுக்குடி மக்கள், கைவசம் இருந்த அரிசியைக் கொண்டு அவர்களுக்குச் சோறாக்கிப் போட்டார்கள். மேட்டு நிலத்தை ஏன் பழையவர்கள் தேர்ந்துகொண்டார்கள் என்பதற்கு அந்த இரண்டு நாட்கள் சொன்ன காரணத்தை எந்த அகழ்வறிக்கையும் அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. வெள்ளம் ஏறாத இடத்தில் அவர்கள் வைத்தது தங்கள் இறந்தோரை. தாங்கள் வாழ்ந்தது வெள்ளத்துக்கு எட்டிய இடத்தில்.

2004 அகழ்வில் கிடைத்த மட்கல ஓடு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பானை ஈரமாயிருக்கும்போதே களிமண்ணை ஒட்டி உருவங்கள் செய்திருக்கிறான் அந்தக் குயவன்: நெடிதுயர்ந்த ஒரு பெண், ஒரு கொக்கு, ஒரு மான், ஒரு முதலை. அவன் ஊரின் பூகோளம் அவ்வளவுதான். கொக்கு வயலுக்கு, முதலை ஆற்றுக்கு, மான் வயலுக்கப்பால் இருந்த காட்டுக்கு, நடுவிலே பெண். இவற்றில் கொக்கு மட்டும் இன்றைக்கும் ஆதிச்சநல்லூர் வயல்களில் தினந்தோறும் நிற்கிறது. மானும் முதலையும் ஊரைவிட்டுப் போய் வெகுகாலமாகிறது. ஜில்லா மானுவல் எழுதிய கலெக்டர்கள் பல நூறு பக்கங்களில் செய்யப் பார்த்த காரியத்தை, தாழிக்குள் போவதற்காக வனைந்த ஒரு பானையின் மேல், யாரும் பார்க்கப்போவதில்லை என்று அறிந்தே, அவன் ஒரு சாண் அகலத்தில் செய்து முடித்துவிட்டான்.

2020ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில், நாட்டின் ஐந்து தொல்லியல் ஸ்தலங்களுள் ஒன்றாக ஆதிச்சநல்லூரைச் சேர்த்து, அங்கே மியூஸியம் அமைக்கப்போவதாகச் சொன்னார்கள். 2023 ஆகஸ்டில் அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். அகழ்ந்த குழிகளில் தாழிகளை இருந்த நிலையிலேயே விட்டு, மேலே கண்ணாடித் தளம் போட்டு, நடந்தபடியே குனிந்து பார்க்கும்படி ஓர் ஏற்பாடும் செய்தார்கள். தோண்டி எடுத்துத் தூரதேசத்துக்கு அனுப்பிய காலத்தோடு ஒப்பிட்டால் இது மரியாதையான காரியமே. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்க்கிறார்கள். ஆசிரியர்கள் பொற்பட்டத்தைப் பற்றிச் சொல்கிறார்கள்.

ஆனால் ஒன்றரை நூற்றாண்டாக இங்கே தோண்டியவர்கள் எல்லாரும் பெரும்பாலும் இடுகாட்டையே தோண்டினார்கள்; இந்தத் தாழிகளுக்குள் போனவர்கள் போவதற்கு முன்னால் எங்கே இருந்தார்கள் என்ற கேள்விக்கு, பரம்பை அடுத்த பகுதியில் வாழ்விடத்தின் தடயங்களும் சூளையின் தடயங்களும் கண்டதற்கு மேல் பெரிய விடை இன்னும் வரவில்லை. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பரம்பு தரிசு, சர்க்கார் வேலி போட்டது, தோண்டினால் யாருக்கும் நஷ்டமில்லை. அவர்கள் குடியிருந்த இடமோ, ஆற்றை ஒட்டிய நல்ல மண்ணாகவே இருந்திருக்க வேண்டும். நல்ல மண்ணில் குடியிருப்பு ஒருநாளும் காலியாவதில்லை, ஒருவர் போனால் மற்றொருவர் வருவார். இன்றைய வீடுகளின் கீழும், வாழைத்தோட்டத்தின் கீழும், பிசானம் நட்ட வயலின் கீழுமாகத்தான் அந்த அடுப்புகளும் தரைகளும் கிடக்கும் என்பது என் அபிப்பிராயம். அங்கே குழி வெட்ட வேண்டுமானால் ஒரு போகத்துக்கு உரிய நஷ்டஈட்டை முன்கூட்டிக் கொடுத்து, உழவனிடம் வயலைக் கேட்டு வாங்க வேண்டும். அவன் கொடுக்கலாம், மறுக்கலாம். காரும் பிசானமும் கழித்து, வயல் வெறுமையாகக் கிடக்கும் சில வாரங்களில் நான்கு குழியாவது வெட்டிப் பார்ப்பதற்கு எந்த இலாகாவும் இன்றுவரை திட்டம் போட்டதாக நான் கேள்விப்படவில்லை.